ஸ்டியரிங் அம்மாவுக்கு... படிக்கட்டு மாமாவுக்கு!

உங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நாலு டன் இரும்பு. கிலோ முப்பது ரூபாய். மொத்தம் எவ்வளவு?

ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று மனசுக்குள்ளேயே போட்டிருப்பீர்கள். பி.காம். படித்த நானும் அப்படித்தான் போட்டேன். பழைய இரும்பு வியாபாரியும் அதையேதான் சொன்னார்.

"இன்னா சார் யோசிக்கிறே... நாப்பது வருசமா கோழி அடைகாக்கிற பஸ்ஸு. காலைல வெட்டுனா சாயங்காலம் கும்மிடிப்பூண்டில உலைக்குப் போயிடும். அடுத்த வாரம் கம்பியா வந்து யாராவது வூட்டுல தூணாயிடும். புண்ணியம் சார்!"

அவர் சொன்னது பொய்யில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற ஆலைகள் அங்கே வரிசை கட்டி நிற்கின்றன. நம்மில் பலர் குடியிருக்கிற ஃப்ளாட்டுக்குள் யாருடைய லாரியோ, யாருடைய பீரோவோ கம்பியாகப் படுத்திருக்கக் கூடும்.

எங்கள் வீட்டில் படுத்திருந்தது பஸ். 1967-ல் பாடி கட்டிய லேலண்ட் காமெட். திருவள்ளூர் - பெரியபாளையம் - கும்மிடிப்பூண்டி என்று ஓடியது. ஓட்டியவர் என் தாத்தா. அம்மாவின் அப்பா. பஸ் முதலாளி நொடித்துப்போய், பதினாலு மாத சம்பள பாக்கிக்குப் பதிலாக 1981-ல் அந்த பஸ்ஸையே தாத்தா கையில் கொடுத்துவிட்டார். ஓட்ட பெர்மிட் கிடையாது, விற்க மனசு கிடையாது. தாத்தா அதைக் கொல்லையில் கொண்டுவந்து நிறுத்தினார். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஒரு பீடி குடிப்பார். 1998-ல் அவர் போகும்வரை இந்த டூட்டிக்கு லீவே கிடையாது.

வேலிக்கு நடுவே ஒரு பஸ்

2010-ல் பாகப் பிரிவினை. அம்மாவும் மாமாவும் கொல்லையைச் சரிபாதியாகப் பிரித்துக் கொண்டார்கள். சர்வேயர் சங்கிலி போட்டு அளந்ததில் கோடு நேராக பஸ்ஸின் வயிற்றுக்கு அடியில் போனது! எஞ்சின், ஸ்டியரிங், டிரைவர் சீட் எல்லாம் அம்மா பக்கம். படிக்கட்டு, பின் சீட், கண்டக்டர் மணி எல்லாம் மாமா பக்கம். பஸ்ஸுக்கு முன்னாலும் பின்னாலும் முள்கம்பி வேலி. ஒரு பலாமரத்தை வைத்து வந்த வாய்த்தகராறில் அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். பதினோரு வருஷம். மாமா பெண் வயதுக்கு வந்ததற்கு அம்மா போகவில்லை. என் கல்யாணத்துக்கு மாமா வந்தார். மொய் எழுதினார். சாப்பிடாமல் போனார்.

ஆனால் 2021-ல் இரும்பு வியாபாரி வந்தபோது மட்டும் இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே பதில் சொன்னார்கள். "வித்துடு. பாதிப் பாதி."

கேஸ் கட்டரோடு ஆள் வந்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டார்.

"எங்கேர்ந்து வெட்டறதும்மா?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாமா கத்தினார். "முன்னாடி வெக்காதே! அது அப்பா உக்காந்த எடம்!"

இந்தப் பக்கமிருந்து அம்மா. "பின்னாடி வெக்காதேப்பா! அங்கதான் நான் சோத்து தூக்கு வெச்சிக்கினு உக்காருவேன்!"

அவர் பாவம், தலையைச் சொறிந்தார். "அப்போ... நடுவுல வெட்டட்டுமா?"

"வேணாம்!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில். பதினோரு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து பேசிய முதல் வார்த்தை அதுதான். கேஸ் கட்டர்காரர் ஐந்நூறு ரூபாய் வெட்டிக்கூலி... மன்னிக்கவும், வெட்டாத கூலி வாங்கிக்கொண்டு போனார்.

எண்ணூரில் பிறந்தது

நம் ஊர் பஸ்ஸுக்கு ஒரு கதை உண்டு. ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்து, பிறகு பெரிய கம்பெனியே கட்டினார். மதுரைப் பக்கம் டி.வி.எஸ். பஸ் வந்தால் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். 1972-ல் பஸ்கள் அரசுடைமையாகி பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று ராஜாக்கள் பெயரில் ஓடின. சின்ன முதலாளிகள் சிலர் மட்டும் ஒன்றிரண்டு ரூட்டை வைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தார்கள். தாத்தாவின் முதலாளி அந்த ரகம்.

கும்மிடிப்பூண்டி லோக்கலில் போகிறவர்கள் எண்ணூரைத் தினமும் பார்க்கிறீர்கள். அங்கே 1948-ல் ரகுநந்தன் சரண் என்பவர் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக அசோக் மோட்டார்ஸை ஆரம்பித்தார். அசோக் என்பது அவருடைய மகன் பெயர். 1950-ல் இங்கிலாந்து லேலண்டோடு ஒப்பந்தம். 1955-ல் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. அந்த நாளில் கம்பெனி கொடுப்பது எஞ்சினும் சட்டமும்தான். மேலே கூடு கட்டுவது தனி ஆசாரிகள். தேக்கு மரத்தில் எலும்பு, அதன் மேல் அலுமினியத் தகட்டில் தோல், ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, சுருட்டி இறக்குகிற கித்தான் படுதா. 1966-ல் வந்த 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காலத்து பஸ் பயணம் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாமா ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டர். ரிடையர் ஆகி கை நமநமத்துக் கிடந்தார். "மாப்ளே, இத்தை ஓட வெச்சிரலாம்டா" என்றார்.

அத்தை ஓடவிடவில்லை. "பி.எஃப். பணம் பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சது. ரெண்டு லட்சம். அதுக்கு மேல ஒரு ரூபா போச்சின்னா, அந்த கேஸ் கட்டரை நானே கூப்பிடுவேன்!"

அத்தையின் பக்கம் முழு நியாயம் இருந்தது. அவர் நகையை அடகு வைத்துதான் பெண்ணை இன்ஜினீயரிங் படிக்க வைத்தார்கள். ஆகவே கணக்கு எழுத ஒரு நடுநிலையாளர் தேவைப்பட்டார். குடும்பத்தில் ஒரே பி.காம். அடியேன்தான். படித்த படிப்பு முதல்முறையாக உபயோகப்பட்டது.

கோழி போய் எஞ்சின் வந்தது

முதலில் பஸ்ஸிலிருந்து இறக்கியவை: ஏழு கோழி, இரண்டு வண்டி வைக்கோல், ஒரு சாரைப்பாம்பு (தானே இறங்கியது), நான் மூன்றாம் வகுப்பில் தொலைத்த ஜியாமெட்ரி பாக்ஸ்.

ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். நாற்பது வருஷம் சும்மா கிடந்ததில் பிஸ்டன்கள் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தன. அவசரப்பட்டுத் திருப்பினால் உடையும். மாமா இன்ஜெக்டர்களைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றினார். தினமும் ஊற்றுவார். ஃப்ளைவீல் பல்லில் கடப்பாரை கொடுத்து லேசாக நெம்பிப் பார்ப்பார். அசையாது. டீ குடிக்கப் போவார். பத்தொன்பதாம் நாள் ஒரு அங்குலம் அசைந்தது. அன்றைக்கு மாமா டீயைக் குடிக்க மறந்துபோனார்.

பம்ப்பும் இன்ஜெக்டரும் டீசல் பம்ப் கடைக்குப் போயின. பிஸ்டன் ரிங் வாங்க நானும் மாமாவும் புதுப்பேட்டையில் மூன்று சனிக்கிழமை அலைந்தோம். புதுப்பேட்டையில் கிடைக்காத வண்டிச் சாமான் உலகத்தில் கிடையாது என்பார்கள். கிடைக்கும். ஆனால் கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்துதான் விலை சொல்வார். மாமா முகத்துக்கு எண்ணூறு. என் முகத்துக்கு இரண்டாயிரம். நான்காவது கடையிலிருந்து என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். டயரில்தான் பிழைத்தோம். 9.00 - 20 லாரி சைஸ், இப்போதும் கிடைக்கிறது. தேய்ந்த புஷ்ஷுகளைக் கும்மிடிப்பூண்டி லேத்துக் கடை ஒன்று பழசை அளந்து புதுசாகக் கடைந்து கொடுத்தது.

எட்டாம் மாதம் கணக்குப் புத்தகம் என்னைப் பார்த்து முறைத்தது. செலவு 1,96,300 ரூபாய். மீதி 3,700. மர வேலை ஆரம்பிக்கவே இல்லை! தேக்குத் தூண்களில் பாதியைச் செல் அரித்திருந்தது. அத்தையிடம் புத்தகத்தைக் காட்டினேன். ஒரு வார்த்தை பேசாமல் மூடிக் கையில் கொடுத்தார். மாமா ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டியில் போட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுபது வயசுக்கு மேலிருக்கும் ஒரு ஆசாரி இழைப்புளியோடு வந்து நின்றார். கூப்பிட்டது யாரென்று யாருக்கும் தெரியவில்லை.

"ஒரு ராத்திரி கடைசி டிரிப்பு முடிச்சு வண்டியை வுட்டுட்டாரு ஒங்க தாத்தா. எம் பொஞ்சாதிக்கு இடுப்பு வலி. கதவைத் தட்டுனேன். வண்டியைத் திருப்பி எடுத்துக்கினு திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டுனாரு. மொதலாளி டீசலுக்குச் சம்பளத்துல புடிச்சிட்டான். எங்கிட்ட வாங்கிக்கல. அந்தப் புள்ளைக்கு இப்போ பேரன் பொறந்தாச்சு. கூலி பத்திப் பேசாதீங்க. மரம் மட்டும் வாங்கியாங்க."

செய்தி பரவியது. ஆடி மாசம் வேப்பிலையோடு பெரியபாளையத்தம்மன் கோயிலுக்கு அந்த பஸ்ஸில் போனவர்கள், கூரைமேல் கீரைக்கட்டு ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனவர்கள் எல்லாம் வந்தார்கள். சும்மா வரவில்லை. வெற்றிலைத் தட்டில் நூறு, ஐந்நூறு வைத்தார்கள். அம்மா ஒரு நோட்டில் மஞ்சள் தடவி மொய் எழுத ஆரம்பித்தார். பஸ்ஸுக்கு மொய்! இங்கேதான் எனக்கு ஒரு தொழில்முறைச் சங்கடம். மொய் வரவா, கடனா? திருப்பிச் செய்தே ஆக வேண்டும் என்பதால் அது லயபிலிட்டி. சட்டப்படி எங்கள் பஸ் நூற்றுப் பதினாறு குடும்பத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. மொய் மொத்தம் 88,150. அதற்கு மேல் அம்மாவின் சீட்டுப் பணம். அத்தையின் இரண்டு லட்சத்தைத் தாண்டி மாமா ஒரு பைசா எடுக்கவில்லை.

ஆறு சக்கரமா... ஸாரி!

பழைய வண்டிக்கென்று மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயசு தாண்டியிருக்க வேண்டும், அசல் உருவம் மாறியிருக்கக் கூடாது. புதிதாகப் பதிய இருபதாயிரம் ரூபாய். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். கண்காட்சி, ஊர்வலத்துக்கு ஓட்டலாம், தினசரி ஓட்டக் கூடாது. சந்தோஷமாகப் போய் விசாரித்தேன். அதிகாரி பொறுமையாகப் படித்துக் காட்டினார். "இரு சக்கர வாகனம், நான்கு சக்கர வாகனம்... சார், ஒங்களுக்கு எத்தனை சக்கரம்?"

"ஆறு சார்."

"ரெண்டைக் கழட்ட முடியாதே சார்!" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

1855-ல் செய்த இ.ஐ.ஆர். 21 நீராவி எஞ்சினைப் பெரம்பூர் லோகோ பணிமனை மறுபடி ஓட வைத்தது. லண்டன் போக்குவரத்து மியூசியம் முதல் உலகப் போர்க் காலத்து பஸ் ஒன்றை 2014-ல் புதுப்பித்து ரோட்டில் விட்டது. அங்கெல்லாம் பின்னால் ஒரு நிறுவனம் இருக்கிறது. எங்களுக்கு ஒரு மொய் நோட்டு இருக்கிறது. ஆகவே ரோடு கிடையாது. ஓட்டினால் எங்கள் கொல்லைக்குள்ளேயே ஓட்ட வேண்டும்.

அங்கேதான் சிக்கல். அவ்வளவு நீளமான பஸ் திரும்ப வேண்டுமானால் அம்மா பங்கு மட்டும் போதாது. மாமா பங்கு மட்டும் போதாது.

2024 ஆயுத பூஜைக்கு முதல்நாள் ராத்திரி. சாப்பிட்டுக் கை கழுவப் போனவன் பார்த்தேன். டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு அம்மா நிற்கிறார். மாமா கட்டிங் பிளேயரால் முள்கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொண்டிருக்கிறார்.

"பாத்துடா, கையில குத்திக்கப் போற."

"சரிக்கா."

நான் கை கழுவாமலே உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் ஊரே கொல்லையில். சந்தனம், குங்குமம், திருஷ்டிப் பூசணிக்காய். மாமா தாத்தாவின் சீட்டில் ஏறினார். இந்த வண்டிக்கு டபுள் கிளட்ச். மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, விட்டு, மறுபடி மிதித்துத்தான் கியர் போட வேண்டும். இல்லாவிட்டால் பல்லோடு பல் மோதி ஊரையே கூப்பிடும். மாமா கூப்பிட்டார். இரண்டு தரம்! மூன்றாவது தரம் கியர் விழுந்தது. கரும்புகை, பிறகு வெள்ளைப்புகை, பிறகு பஸ் நகர்ந்தது. கோடு கிடந்த இடத்தைத் தாண்டி, பலாமரத்தைச் சுற்றி, ஒரு முழு வட்டம். அத்தை முன் சீட்டில் உட்கார்ந்து கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாவது ரவுண்டுக்கும் அவர் இறங்கவில்லை.

கடைசிக் கணக்கு: செலவு 3,71,900. வரவு பூஜ்யம். என் புத்தகம் இன்னும் டேலி ஆகவில்லை.

மூன்றாவது ரவுண்டில் படிக்கட்டில் ஒருவர் இரண்டு குழந்தைகளோடு தொற்றி ஏறினார். பழைய இரும்பு வியாபாரி! தோலில் பை மாட்டிக்கொண்டு பின் சீட்டில் நின்ற அம்மாவிடம் கூச்சத்தோடு கை நீட்டினார்.

"ரெண்டரை கும்மிடிப்பூண்டி குடும்மா."

அம்மா நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஐந்நூறா? சில்லறை இல்லாம ஏன்பா ஏறுறீங்க!" என்றார். மணிக்கயிற்றை இழுத்தார். "ரைட்!"