ஒளியால் அணுவைப் பிடிப்பது எப்படி?

லேசர் என்றதும் மாணவர்களுக்கு இரும்புத் தகட்டை அறுக்கும் கதிர்தான் நினைவுக்கு வருகிறது. அதே லேசரால் அணுக்களைக் குளிர்விக்கலாம் என்றால், "ஒளி பட்டால் சூடுதானே ஆகும், சார்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. "அதெல்லாம் மேல்படிப்பில் வரும்" என்று தள்ளிவிட வேண்டியதில்லை. விடைக்கு வேண்டியவை பெரும்பாலும் பள்ளிப் பாடங்களிலேயே இருக்கின்றன.

வெப்பநிலை என்பது துகள்களின் ஒழுங்கற்ற இயக்கத்தின் அளவு. அந்த இயக்கத்தைத் தணித்தால் அதுவே குளிர்விப்பு. ஒளித்துகளுக்கு நிறை இல்லை, உந்தம் உண்டு. எதிரே வரும் 589 நானோமீட்டர் மஞ்சள் ஒளித்துகள் ஒன்றை உட்கவரும் சோடியம் அணு, வினாடிக்கு ஏறத்தாழ 3 செ.மீ. வேகத்தை இழக்கும். அற்பம்தான். ஆனால், உட்கவர்ந்த ஒளியை அணு சராசரியாக 16 நானோவினாடியில் உமிழ்ந்துவிட்டு அடுத்த ஒளித்துகளுக்குத் தயாராகிவிடுகிறது. உமிழும் திசை ஒவ்வொரு முறையும் மாறுவதால் அந்த உதைப்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். உட்கவரும் திசை மட்டும் மாறாது. வினாடிக்கு 600 மீட்டர் வேகத்தில் வரும் அணுவை நிறுத்த ஏறத்தாழ 20,000 உதைப்புகள் வேண்டும். அவை இடைவிடாமல் கிடைத்தால் ஒரு மில்லிவினாடி போதும்.

விலகி ஓடும் அணுவைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டால் என்ன ஆகும்? வேகம் கூடிவிடும். இங்கேதான் பத்தாம் வகுப்பு ஒலியியலில் நாம் நடத்தும் டாப்ளர் விளைவு கைகொடுக்கிறது. லேசரின் அதிர்வெண்ணை அணு உட்கவரும் அதிர்வெண்ணைவிடச் சற்றே குறைத்து வைக்கிறார்கள். எதிர்கொண்டு வரும் அணுவுக்கு மட்டும் அது உயர்ந்து, பொருந்திவிடுகிறது. 1985இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவன் சூ குழுவினர் ஆறு பக்கமிருந்தும் இப்படி ஒளி பாய்ச்சி, சோடியம் அணுக்களைச் சுமார் 240 மைக்ரோகெல்வினுக்குக் கொண்டுவந்தார்கள். அணுக்கள் பாகில் விழுந்த எறும்புபோல் தவழ்ந்ததால், அவர்கள் வைத்த பெயரும் வெல்லப்பாகைக் குறிப்பதுதான்.

குளிர்ந்த அணு, பிடிபட்ட அணு ஆகிவிடாது. எளிய விளக்கங்கள் பல இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பாகில் தவழ்ந்தபடியே அணு வெளியேறிவிடும். பிடித்து நிறுத்துவது வேறொரு விசை. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சீப்பில் நேர்மின்னூட்டம் இருந்தாலும் எதிர்மின்னூட்டம் இருந்தாலும் காகிதம் சீப்பை நோக்கியே வரும். ஒளியின் மின்புலமும் வினாடிக்குப் பல நூறு லட்சம் கோடி முறை திசை மாறினாலும், அணுவில் தூண்டப்படும் இருமுனை கூடவே மாறுவதால், இழுப்பு மட்டும் மாறுவதில்லை. புலம் வலுவாக உள்ள குவியத்தை நோக்கியே இருக்கிறது.

ஆனால் இந்தக் குழி ஆழமற்றது. வேகமாக உருட்டிய கோலிக்குண்டு சிறு பள்ளத்தைத் தாண்டிப் போவதுபோல், சூடான அணு தாண்டிவிடும். முதலில் குளிர்விக்க வேண்டியிருப்பது அதனால்தான். 1986இல் அதே குழு, குளிர்ந்த சோடியம் அணுக்களை ஒரே குவிந்த கதிரில் சில வினாடிகள் நிறுத்தியது. அதிலிருந்த ஆர்தர் ஆஷ்கின், ஒளியியல் இடுக்கிக்காக 2018இல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 96.

இழுப்பு எப்போதும் நிகழாது. லேசரின் அதிர்வெண், அணுவின் அதிர்வெண்ணுக்கு மேலே போனால் அணு வெளியே தள்ளப்படும். இதை நான் சாவிக்கொத்தால் காட்டுகிறேன். 25 செ.மீ. நூலில் அதைத் தொங்கவிட்டால் ஓர் அலைவுக்குச் சுமார் ஒரு வினாடி ஆகும். கையை மெதுவாக அசைத்தால் சாவி கையோடு போகும். வினாடிக்கு இரண்டு மூன்று முறை அசைத்தால் கைக்கு எதிர்த்திசையில் போகும். கை அசைவு ஓரிரு செ.மீ. போதும், கூடினால் சாவி கண்டபடி சுழலும்.