பல் முளைக்கும் குழந்தையும் வயிற்றோட்டமும்



லயத்துப் பக்கம் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "புள்ளைக்கு பல்லு மொளைக்குது, வயித்தால போகத்தான் செய்யும்." வீட்டிலுள்ள பாட்டியும் அதையே சொல்வார். இந்தப் பேச்சை நம்பினால் பிள்ளையை மருந்துக்குக் கொண்டு போவது இரண்டு மூன்று நாள் தள்ளிப் போய்விடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பல் முளைப்பது நோய் அல்ல. பெரும்பாலும் 6 மாதமளவில் கீழ் முன்பல் இரண்டும் வரும். சில பிள்ளைக்கு 4 மாதத்திலேயே வரும், சிலதுக்கு ஒரு வயசாகும். 3 வயதளவில் 20 பாற்பற்களும் வந்துவிடும். ஈறு வீங்கும், எச்சில் வடியும், கிடைத்ததை எல்லாம் கடிக்கும், ராத்திரி சிணுங்கும். உடம்பு லேசாகச் சுடலாம். அவ்வளவுதான். கடும் காய்ச்சலும் வயிற்றோட்டமும் பல்லால் வருவதில்லை.

பின்னே ஏன் அதே நேரத்தில் வயிற்றால் போகிறது? 6 மாதத்தில்தான் தாய்ப்பாலோடு சோறு, பருப்பு கொடுக்கத் தொடங்குகிறோம். பிள்ளையும் தவழ்ந்து, கீழே கிடப்பதை எடுத்து வாயில் வைக்கிறது. பிறக்கும்போது தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தியும் அப்போது குறைந்து வருகிறது. கிருமி உள்ளே போக வேறு வழி வேண்டுமா?

ஈறு நோவுக்குச் செய்ய வேண்டியவை:

1. சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, விரலால் ஈறை மெதுவாகத் தடவிவிடுங்கள்.

2. கொதித்து ஆறிய தண்ணீரை இரவில் மூடி வையுங்கள். நம்ம மலைக் குளிருக்கு காலையில் சில்லென்று இருக்கும். சுத்தமான துணியை அதில் நனைத்துப் பிழிந்து கடிக்கக் கொடுத்து, பக்கத்திலேயே இருங்கள்.

3. எச்சிலைத் துடைத்துவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

செய்யக் கூடாதவை: பச்சைக் கேரட் துண்டு கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். கழுத்தில் மணி, கயிறு வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் தடவக் கூடாது. சாராயம் கூடவே கூடாது. ஈறை விறைக்கச் செய்யும் பென்சோகெயின் கலந்த மருந்தை 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பூச வேண்டாமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2018இல் எச்சரித்தது.

வயிற்றால் போனால் தாய்ப்பாலோடு ஜீவனியும் கொடுங்கள். பைக்கட்டில் போட்டிருக்கும் அளவுப்படி, கொதித்து ஆறிய தண்ணீரில் கரையுங்கள். கண் குழி விழுந்தால், மூத்திரம் குறைந்தால், பால் குடிக்காவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால், காய்ச்சல் 100.4 பாகையைத் தாண்டினால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ராத்திரி என்றால் 1990 இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஒரு பேர் போனால் நாளைக்குப் போடலாம். பிள்ளையின் உயிர் அப்படியல்ல.