இருபத்து நான்கு அடியில் ஒரு குடும்பம்

மலையும் கடலும் – 9

ஆடி மாதத்தில் மொனராகலை மலைகளைக் காயவைக்கும் கச்சான் காற்றை நம்மவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்த உலர்காற்றில்தான் ஊவாவின் கொழுந்துக்கு, உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த தனி மணம் ஏறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து நம் பக்கம் இறங்குகிறது. சியம்பலாண்டுவ, லாகுகல காடுகளைத் தாண்டிப் பொத்துவிலில் கடலைத் தொடும்போது அதே காற்று பாய்மரப் படகுகளின் காற்றாகிவிடுகிறது. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அந்த மாதங்களில் கிழக்குக் கரை படகுகளுக்கு இணக்கமாக இருக்கும். அப்போது காலிப் பக்கக் கடல் கொந்தளிக்கும். மார்கழி பிறந்தால் நிலைமை தலைகீழ்.

இலங்கையைச் சுற்றிப் பாய்விரிக்கும் எவரும் இந்த நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டவர்தான். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அது கடலையே தொழிலாகக் கொண்டவர்களின் பயணம். இந்த வாரம், ஒரு சிறு படகையே வீடாக்கிக்கொண்டு கரை கரையாக வாழ்ந்த ஒரு கணவன் மனைவியின் கதை.

லாரி பார்டி கனடாக்காரர், படகு கட்டத் தெரிந்தவர். லின், அமெரிக்கப் பெண். 1965இல் கலிபோர்னியாவில் சந்தித்தார்கள். இருவரும் சேர்ந்து மூன்றரை ஆண்டுகள் உழைத்து ஒரு மரப்படகைக் கட்டினார்கள். லைல் ஹெஸ் என்பவர் வரைந்த வடிவம் அது. நீளம் 24 அடி 4 அங்குலம், அகலம் ஒன்பது அடிக்கும் சற்றுக் குறைவு. செராஃபின் என்று பெயரிட்டு 1968இல் தண்ணீரில் இறக்கினார்கள். மறு ஆண்டே புறப்பட்டுவிட்டார்கள். மெக்சிகோ, பனாமா, ஐரோப்பியக் கரைகள், மத்தியதரைக் கடல் என்று ஆண்டுக்கணக்கில் தங்கித் தங்கிப் போனார்கள். சுயெஸ் கால்வாய், செங்கடல் வழியாக வந்து 1970களின் பிற்பகுதியில் நம் இலங்கையையும் தொட்டார்கள். பிறகு மலேசியா, பிலிப்பைன்ஸ், யப்பான் வழியாகக் கனடாவை அடைந்தார்கள்.

அந்தப் படகில் எஞ்சின் இல்லை. பணமில்லாமல் வைக்காமல் விட்டதல்ல. யோசித்து எடுத்த முடிவு. எஞ்சினும் எண்ணெய்த் தாங்கியும் பிடிக்கும் இடத்தில் உணவும் தண்ணீரும் கருவிகளும் வைக்கலாம். பழுதுபார்க்கும் செலவும் இல்லை. காற்று அறவே விழுந்துவிட்டால் பின்புறத்தில் ஒரு நீண்ட துடுப்பைப் பூட்டி வலித்தார்கள். வெளிச்சத்துக்கு எண்ணெய் விளக்கு. திசைக்கு சூரியனும் நட்சத்திரமும், அவற்றின் உயரத்தை அளக்கும் கருவியும். கைச்செலவுக்குப் போகும் ஊர்களில் படகு திருத்தினார்கள், பிறருடைய படகுகளைத் துறைமுகம் விட்டுத் துறைமுகம் ஓட்டிக் கொடுத்தார்கள், பத்திரிகைகளுக்கு எழுதினார்கள்.

கரையோரமாகப் போவது ஆழ்கடலைவிடப் பாதுகாப்பானது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கடலோடிகள் அப்படிச் சொல்லமாட்டார்கள். நடுக்கடலில் புயல் வந்தால் பாய்களைக் குறைத்து, சுக்கானைக் கட்டி, படகைக் காற்றுக்கு முகம் கொடுத்து ஏறக்குறைய நிற்கவைத்துவிட்டுக் காத்திருக்கலாம். படகு மெதுவாக ஒதுங்கும். ஒதுங்க இடமும் இருக்கும். இந்த முறையை உலகப் படகோட்டிகளுக்கு விளக்கமாக எழுதிக் கற்பித்தவர்கள் பார்டி தம்பதியர். கரைக்கு அருகில் அந்த இடம் கிடைக்காது. காற்று கரையை நோக்கித் தள்ளினால் பாறைதான் முடிவு. ஆகவே கரையோரப் பயணத்தின் பாதி வேலை காத்திருப்பு. இரவில் தரை குளிர்ந்ததும் கரையிலிருந்து எழும் மென்காற்றில் புறப்படுவது, பிற்பகலில் கடற்காற்று வலுத்ததும் குடாவுக்குள் நங்கூரம் போடுவது. நம் கிழக்குக் கரை மீனவர்கள் வெளியிணைப்பு எஞ்சின் வருவதற்கு முன் தங்கள் பாய்த்தோணிகளை ஓட்டியதும் இந்தக் கணக்கில்தான்.

இருவர் மட்டும் உள்ள படகில் ஒருவர் உறங்கும்போது மற்றவர்தான் மாலுமி, காவலாள், வழிகாட்டி எல்லாம். இரவு முழுவதும் முறை மாற்றிக் காவல் நிற்பார்கள். லின் ஐந்தடிக்கும் குறைந்த உயரமுள்ளவர். அவர் தனியாக இழுத்து இறக்க முடியாத பாய் அந்தப் படகில் இருக்கக்கூடாது என்பதே அவர்களுடைய அளவுகோல். படகு சிறிதாக இருந்ததன் முக்கியக் காரணம் இது. மனைவி பயணியாக உட்கார்ந்திருக்கும் படகில் கணவன் நோயில் விழுந்தால் இரண்டு உயிரும் ஆபத்தில். அவளும் சுக்கான் பிடிக்கக் கற்றிருந்தால் இரண்டும் தப்பும். சிறிய படகில், எளிய முறையில், பணம் சேரட்டும் என்று காத்திராமல் இப்போதே புறப்படுங்கள் என்பதே அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிவந்த அறிவுரை.

'சிறியது' என்பதைப் பற்றி ஊவாவிலிருந்து பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. செராஃபினின் உள்ளறை ஒரு லயக் காம்பராவைவிடப் பெரியதல்ல. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்ந்த வீடுகள் நம் தோட்டங்களில் எத்தனையோ. அப்படியிருக்க, பதினோரு ஆண்டுகள் அந்தப் படகில் இருந்தவர்கள் மகிழ்ச்சியாக இருந்தோம் என்று புத்தகங்கள் எழுதினார்கள். நம்மவர்களுக்கு அதே அளவு இடம் ஏன் சிறையாகத் தெரிந்தது?

ஊவாவிலேயே இன்னொரு பாய்க்கப்பல் கதையும் உண்டு. அப்புத்தளைக்கு மேலே தம்பேத்தன்னைத் தோட்டத்தின் சொந்தக்காரர் தோமஸ் லிப்டன், 1899 முதல் 1930 வரை ஐந்து தடவை அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் போட்டிக்குப் போனார். ஐந்து தடவையும் ஷாம்ரொக் என்ற பெயரில் படகு கட்டினார், ஐந்திலும் தோற்றார். கடைசி ஷாம்ரொக்கின் நீளம் ஏறக்குறைய 120 அடி. அவருடைய செல்வத்தின் பெருந்தூண் தேயிலை. அந்தத் தேயிலையைக் கிள்ளிய கைகள் அந்தி சாய்ந்ததும் திரும்பியது பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுக்கு.

அதே அளவு இடம் ஏன் சிறையானது என்ற கேள்விக்கு விடை அளவில் இல்லை. செராஃபினின் ஒவ்வொரு பலகையும் அவர்கள் அறுத்துப் பொருத்தியது. எங்கே ஆணி அடிப்பது, எந்தக் குடாவில் எத்தனை மாதம் நிற்பது, எப்போது நங்கூரம் தூக்குவது, எல்லாம் அந்த இருவரின் முடிவு. லயத்தில் பிறந்து, அங்கேயே கிழவனாகிச் செத்தவனுக்கும் அந்தச் சுவர் சொந்தமில்லை. ஒரு தாழ்வாரம் இறக்குவதற்கும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். தோட்ட வேலையை விட்டால் தலைக்கு மேலுள்ள தகரமும் கைவிட்டுப் போகுமோ என்ற பயம். தானே விரும்பித் தேர்ந்த சிறுமை ஒருவனை விடுவிக்கும். பிறர் சுமத்திய சிறுமை தலைமுறைகளையே கூனவைக்கும். அதனால்தான் ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்ற பேச்சு வரும்போதெல்லாம், காணி உறுதி யார் பெயரில் என்ற கேள்வியை நம் மக்கள் முதலில் கேட்க வேண்டும் என்கிறேன். உறுதி இல்லாத பெரிய வீடு, பெரிதாக்கப்பட்ட லயம்தான். அந்த உறுதியில் கணவன் பெயரோடு மனைவி பெயரும் இருக்க வேண்டும். சுக்கான் இருவர் கையிலும் இருக்க வேண்டும் என்ற படகின் சட்டம் வீட்டுக்கும் பொருந்தும்.

செராஃபினுக்குப் பிறகு அவர்கள் டலேசின் என்ற 29 அடி 6 அங்குலப் படகைத் தாங்களே கட்டி 1983இல் இறக்கினார்கள். அதிலும் எஞ்சின் இல்லை. 2002இல், லாரி அறுபதைக் கடந்த பின், தென்னமெரிக்காவின் தென்கோடியில் உள்ள ஹோர்ன் முனையை மேற்கு நோக்கி, எதிர்க்காற்றில் சுற்றிவந்தார்கள். பிறகு நியூசிலாந்தின் கவாவ் தீவில் குடியமர்ந்தார்கள். லாரி 2020இல் காலமானார்.

மொனராகலையிலிருந்து பொத்துவில் கடல் ஏறக்குறைய 70 கிலோமீற்றர்தான். நம் பிள்ளைகள் அங்கே போய்க் கால் நனைத்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். காற்றைப் படிக்கவும், பாய் கட்டவும், நீந்தவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தால் நன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும். வாழ்க்கையில் கடலுக்கே போகாவிட்டாலும், தன் வழியைத் தானே கணிக்கத் தெரிந்த பிள்ளையை எவரும் எளிதில் ஓரிடத்தில் கட்டிவைக்க முடியாது.

(அடுத்த வாரம்: யால காட்டுக்கு அப்பால், நடுக்கடல் பாறைகளின் மேல் 1873இலும் 1878இலும் எழுந்த இராவணன் கோட்டை வெளிச்சவீடுகள்)