எண்ணும் முன் எண்ணுவோம்

சேர்வராயன் கோயில் 5,326 அடி உயரத்தில், ஒரு குகைக்குள் அமைந்துள்ளது. மே மாதத் திருவிழாவுக்கு எந்தெந்த ஊரார் வருகிறார்கள் என்று கணக்கெடுக்க நாங்கள் பத்துப் பேர் சென்றோம். ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்க்க, இரு குழுக்களாகப் பிரிந்து வண்டிகள் நிற்குமிடத்தில் நின்றோம்.

மாலையில் கணக்குகள் ஒத்துவரவில்லை. ஒரு குழு கைக்குழந்தைகளையும் சேர்த்திருந்தது, மற்றது விட்டிருந்தது! அப்போது ஒற்றையடிப் பாதையில் வந்த மலைக்கிராமப் பாட்டி ஒருவர், "நடந்து வந்த எங்களை எண்ணலையா கண்ணு?" என்றார். நாங்கள் தலைகுனிந்தோம்.

பின்னர் எங்கள் ஆசிரியை ஒரு வரலாறு கூறினார். 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைச் சொந்தக் கிராமங்களை ஆராயச் செய்தார். எல்லார் கையிலும் ஒரே வினாத்தாள். இருவேல்பட்டு, கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் ஆய்வுகள் 1918-இல் நூலாக வந்தன. 1930-களில் அங்கே மறு ஆய்வு நடத்தி, மாற்றங்களை ஒப்பிட்டார்கள்.

குழுவாக ஆய்வு செய்வோர்க்கு நாங்கள் கற்ற பாடம் இதுதான்: யாரை எண்ணுவது, எங்கே நிற்பது என்று முதலிலேயே கூடிப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். பின்பு சிறிதளவு செய்து பார்த்துக் குறைகளைத் திருத்த வேண்டும். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத, வேறொருவர் சரிபார்க்க வேண்டும். விடை கிடைக்காத இடத்தில் பூஜ்யம் போடாமல், 'தெரியவில்லை' என்றே எழுத வேண்டும். அதன் பிறகே கூட்டலும் சதவீதமும்.

அடுத்த திருவிழாவில் எங்கள் முதல் குழு ஒற்றையடிப் பாதையில் நிற்கும். பாட்டியின் பெயரே முதல் வரியில் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.