ஆழ்கடலில் நுரை

வேளச்சேரியையும் தாம்பரத்தையும் இணைக்கும் சாலையில், பள்ளிக்கரணையில் அமைந்துள்ளது தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம். 1993இல் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்திற்கு அழைத்துச் செல்லும் 'மத்ஸ்யா 6000' என்னும் நீர்மூழ்கி ஊர்தியை உருவாக்கி வருகிறது. அம்மூவரும் அமரவிருப்பது 2.1 மீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட டைட்டேனியக் கோளத்தினுள். அதனுடன் மின்கலங்கள், உந்திகள், கருவிகள் யாவும் சேரும். இத்தனை எடையும் மூழ்குவது எளிது. மீண்டு மேலெழுவது எவ்வாறு? இவ்வினாவிற்குப் பொறியாளர் கண்ட விடை, நுரை.

நுரை என்றதும் சோப்பு நுரையும் மெத்தையும் நம் நினைவுக்கு வரும். திண்மத்திற்குள் வாயுவைச் சிறைப்படுத்தினால் கிடைப்பதே திண்ம நுரை. சிலிக்கோன் இரப்பர் நுரையை எடுத்துக்கொள்வோம். சிலிக்கன் அணுவும் ஆக்சிஜன் அணுவும் மாறிமாறி அமைந்த நெடுஞ்சங்கிலிகளே இப்பலபடியின் முதுகெலும்பு. இரு நீர்மங்களைப் பிளாட்டின வினையூக்கியின் முன்னிலையில் கலக்கும்போது இரண்டு வினைகள் ஒருசேர நிகழ்கின்றன. ஒன்றில் ஹைட்ரஜன் வாயு வெளிப்பட்டுக் குமிழிகளை உண்டாக்குகிறது. மற்றொன்றில் சங்கிலிகள் குறுக்கே பிணைந்து நீர்மம் இரப்பராக இறுகுகிறது. இறுகல் முந்தினால் நுரை பொங்காது. வாயு முந்தினால் குமிழிகள் ஒன்றோடொன்று கலந்து உடைந்து அமிழ்ந்துவிடும். பால் பொங்கும் நேரத்தை அறிந்து அடுப்பைத் தணிப்பவர்க்கு இந்நுட்பம் புதிதன்று. வினையின் விரைவைத் தணிக்கும் பொருள்களையும் வலுவூட்டும் சிலிக்காத் துகள்களையும் அளவறிந்து சேர்ப்பதே இந்நுரையை மேம்படுத்தும் வழி. தீப்பட்டால் இதன் மேற்பரப்பில் சிலிக்காப் படலம் எஞ்சி உட்பகுதியைக் காக்கும். ஆதலின், மின்வடங்கள் சுவரைக் கடக்கும் துளைகளை அடைக்கவும், மின்னூர்திகளின் மின்கலங்களுக்கிடையே வைக்கவும் இது பயன்படுகிறது.

எனினும், இந்நுரை ஆழ்கடலுக்கு உதவாது. கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 6000 மீட்டரில் அது 600 மடங்கு. பாயில் விதிப்படி அங்கே குமிழியின் கனஅளவு 600இல் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். (மெய்யான வாயுக்கள் இவ்விதியினின்று விலகும், ஆயினும் முடிவு மாறாது.) மென்மையான இரப்பர்ச் சுவர் அதைத் தடுக்கவியலாது. நுரை நசுங்கினால் மிதப்பு விசையும் போய்விடும்.

1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் மரியானா அகழியின் அடியைத் தொட்டபோது, அவர்தம் 'டிரியஸ்டே' கலம் மிதப்பிற்காக ஏறத்தாழ 85,000 லிட்டர் பெட்ரோலைச் சுமந்து சென்றது. நீரினும் இலேசான, எளிதில் சுருங்காத நீர்மம் என்பதே அத்தெரிவிற்குக் காரணம். கலம் பூதாகரமானது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பின்னர் வந்ததே கண்ணாடி நுண்கோள நுரை. இதில் வாயுவைப் பொங்கவிடுவதில்லை. மாவு போன்று தோன்றும், உள்ளே வெற்றிடமுள்ள கண்ணாடி நுண்கோளங்களை எப்பாக்சிப் பிசினில் கலந்து, வெற்றிடத்தில் காற்றை நீக்கி, அச்சில் வார்த்து இறுகச் செய்கின்றனர். ஒவ்வொரு குமிழிக்கும் தனக்கென ஒரு கண்ணாடிச் சுவர் வாய்க்கிறது. கோள வடிவம் அழுத்தத்தை எத்திசையிலும் சமமாகப் பகிர்ந்து தாங்குகிறது.

இங்கும் இடர்ப்பாடுகள் உண்டு. கோளங்கள் மிகுந்தால் நுரை இலேசாகும். ஆனால் கலவை கெட்டிப்பட்டு வார்க்க வராது. விரைந்து கலக்கினால் கோளங்கள் நொறுங்கும். பிசின் இறுகும்போது வெப்பம் வெளிப்படுவதால் தடித்த கட்டிகள் உள்ளே வெடிக்கக்கூடும். கோளத்தின் சுவர் தடித்தால் வலிமை கூடும், மிதப்புக் குறையும்.

அம்மிதப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கடல்நீரின் ஒரு கன மீட்டர் சுமார் 1025 கிலோகிராம். அதே கனஅளவுள்ள நுரை 550 கிலோகிராம் எனக் கொண்டால், அது 475 கிலோகிராம் எடையைத் தாங்கி மிதக்கவைக்கும். நுரையின் அடர்த்தி சிறிது கூடினாலும் ஊர்தியில் அதற்கெனக் கூடுதல் இடம் ஒதுக்க நேரும்.

பள்ளிக்கரணை நிறுவனத்தின் ஆளில்லா ஊர்தியான 'ரோசப் 6000', இத்தகைய நுரையின் துணையுடன் 2010இல் 5289 மீட்டர் ஆழம்வரை சென்று திரும்பியது. மனிதர் செல்லும் ஊர்தியில் நுரையின் பொறுப்பு இன்னும் பெரிது. இத்தகைய ஊர்திகள் எடைக்கட்டிகளைச் சுமந்து இறங்கி, திரும்பும்போது அவற்றைக் கடலடியிலேயே உதிர்த்துவிடும். மின்சாரம் முற்றிலும் நின்றுபோன நிலையிலும், அக்கட்டிகள் கழன்றுவிட்டால் உள்ளிருக்கும் மூவரையும் மேலே கொண்டுவருவது அந்நுரையே.