எலும்பை நீவினால் தோல் ஆறுமா?

1864-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் வாழ்ந்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவரின் மூன்று குழந்தைகள் மூளைக்காய்ச்சலுக்குப் பலியாயினர். அன்றைய மருந்துகளில் நம்பிக்கை இழந்த அவர், 1874-இல் புதியதொரு முறையை அறிவித்தார். அதுவே ஆஸ்டியோபதி. எலும்புகள் தத்தம் இடத்தில் சீராக அமைந்தால் குருதியோட்டம் தடைப்படாது; உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்பது அவர் கொள்கை.

இம்முறையினர் சிலர் சோரியாசிஸ், கரப்பான் முதலிய நாட்பட்ட தோல் நோய்களுக்கும் சிகிச்சை அளிக்கின்றனர். நோயாளியின் உணவு, உறக்கம், மனக்கவலை ஆகியவற்றைக் கேட்டறிந்து, முதுகையும் விலாவையும் கைகளால் நீவி நெகிழ்த்துகின்றனர்.

நண்பர்களே, இதில் உண்மை எவ்வளவு? மனக்கவலை அரிப்பை மிகுவிக்கும்; சொறியச் சொறியத் தோல் தடித்து மேலும் அரிக்கும். ஆதலின் கவலையைத் தணிப்பது நன்றே. ஆனால் சோரியாசிஸின் வேர் எலும்பில் இல்லை. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தடுமாறுவதால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய மேல்தோல் சில நாட்களிலேயே பெருகிச் செதில்களாக உதிர்கிறது. நீவுதல் இத்தடுமாற்றத்தைத் திருத்தும் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை.

நீவுதலை நம்பி மருந்தைக் கைவிடுவதே பேராபத்து. உட்கொண்டுவரும் ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் சோரியாசிஸ் உடலெங்கும் சீறி எழக்கூடும். அமெரிக்காவில் இன்று ஆஸ்டியோபதிப் பட்டம் பெறுவோரும் மருந்தியலைக் கற்ற முழு மருத்துவர்களே என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

எனினும், நோயாளியின் உறக்கத்தையும் கவலையையும் கேட்டறியும் பொறுமையை எல்லா மருத்துவரும் இவர்களிடம் கற்கலாம். அவ்வாறு கேட்பார் இருந்தால், நோயாளி மருந்தை விட்டு அலைய வேண்டியதில்லை.