மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும்

பொழியூர்ப் பக்கம் குளத்தில் முங்கிக் குளிப்பவர்களுக்கு ஒன்று தெரியும். மத்தியானத்தில் மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். காலைக் கீழே விட்டால் சில்லென்று இருக்கும். ஏன்?

சூடான தண்ணீர் லேசானது. அது மேலே நிற்கும். குளிர்ந்த தண்ணீர் கனமானது. அது அடியில் தங்கும்.

மேல் தண்ணீரில் ஆக்சிஜன் உண்டு. அதுதான் மீனுக்கு மூச்சு. அடித் தண்ணீரில் மட்கிய சத்து உண்டு. அது பாசிக்கு உரம். பாசியைச் சிறு பூச்சிகள் தின்னும். பூச்சிகளை மீன் தின்னும். ஆகவே இரண்டு தண்ணீரும் கலக்க வேண்டும். மூச்சு கீழே போக வேண்டும். உரம் மேலே வர வேண்டும்.

கலப்பது யார்? குளிரும் காற்றும்தான். கொடைக்கானல் ஏரி 1863ல் உருவாக்கப்பட்டது. அது 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ளது. குளிர் இரவில் அங்கே மேல் தண்ணீர் கனமாகிக் கீழே இறங்கும். அடித் தண்ணீர் மேலே வரும். ஆழம் குறைவு. அதனால் எளிதில் கலந்துவிடும்.

ஆழமான ஏரியில் அது எளிதல்ல. ஆப்பிரிக்காவில் மலைகளுக்கு நடுவே டாங்கனிக்கா ஏரி இருக்கிறது. ஆழம் சுமார் 1,470 மீட்டர். ஒன்றின்மேல் ஒன்றாக 70 தென்னைகளை நிறுத்தினாலும் மூழ்கிவிடும்! அங்கே சாளை இனத்துச் சிறு மீன்கள் உண்டு. இரவில் விளக்கு வைத்துப் பிடிக்கிறார்கள். நான்கு நாட்டு மக்களுக்கு அது உணவு, பிழைப்பு.

நிலக்கரி, பெட்ரோல், டீசல் புகையால் பூமி சூடாகிறது. ஏரியின் மேல் தண்ணீரும் சூடாகிறது. அது மேலும் லேசாகிறது. காற்று வீசினாலும் முன்போல் கலப்பதில்லை. உரம் மேலே வருவது குறைகிறது. பாசி குறைகிறது. மீனுக்கு இரை குறைகிறது. 2003ல் வெளியான ஆய்வுகள் இதைக் கூறின.

வலைகள் பெருகியதும் மீன் குறைய ஒரு காரணம்தான். ஆனால் ஏரியின் அடிச் சேற்றை 2016ல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தது. பெரிய அளவில் மீன்பிடிப்பு தொடங்கும் முன்பே மீன் குறையத் தொடங்கியது தெரிந்தது.

கேரளக் கடலிலும் தென்மேற்குப் பருவக்காற்றில் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. சாளைக்கு இரை பெருகுகிறது. தண்ணீர் கலந்தால்தான் வலை நிறையும்.

நாம் செய்யக்கூடியது என்ன? குளத்திலும் ஏரியிலும் சாக்கடையையும் குப்பையையும் விடாதிருப்போம். அவை அழுகும்போது மீனின் மூச்சைத் தின்றுவிடும். புகையைக் குறைப்பது எல்லா நாடுகளின் கடமை. அதைக் கேட்பது நம் உரிமை.